6 யூரோ 60 சதத்தில் எட்னா: கத்தானியாவிலிருந்து பஸ்ஸில் போய்வர

கோடை பிறந்ததும் பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் சொந்தக்காரர் சிசிலித் தீவின் கத்தானியாவுக்கு வந்து இறங்குவார்கள். வந்த மறுநாளே எல்லாருக்கும் எட்னா எரிமலை பார்க்க வேண்டும். போனில் தேடினால் சுற்றுலா வானுக்கு ஆளுக்கு 70, 80 யூரோ என்று காட்டும். நாலு பேர் என்றால், இங்கே வீடுகளில் வேலை செய்யும் என் போன்றவளின் ஒரு கிழமைச் சம்பளம் அது. அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் போனபோது போய்வர பஸ் கூலி 6 யூரோ 60 சதம். கொஞ்சம் ஏறியிருந்தாலும் பத்து யூரோத் தாள் ஒன்றைக் கையில் வைத்திருங்கள், போதும்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது: மேலே போக நாளுக்கு ஒரு பஸ், கீழே வர ஒரு பஸ். காலை 8.15க்குக் கத்தானியா ரயில் நிலையத்துக்கு முன்னாலுள்ள பாப்பா ஜொவான்னி சதுக்கத்தில் வெளிக்கிடும். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் எட்னாவின் தெற்குச் சரிவிலுள்ள சாப்பியென்சா என்ற இடத்தில் இறக்கிவிடும். பின்னேரம் 4.30க்கு அதே இடத்திலிருந்து திரும்பும். இடையில் உங்களுக்கு ஆறு மணித்தியாலம். அந்த ஆறு மணித்தியாலத்தை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் மிச்சமெல்லாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்னாவின் உச்சியைவிட அதன் மடிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சனம் குடியிருக்கும் இடத்துக்கும் நெருப்பு வந்து நின்ற இடத்துக்கும் நடுவால் ஒரு றோட்டுப் போகிறது. அந்த றோட்டில் பஸ் மெல்ல ஏறும்போதே பாதி எட்னாவைப் பார்த்துவிடலாம். ஆகவே பஸ்ஸில் நித்திரை கொள்ளாதீர்கள், யன்னலோரம் பிடியுங்கள்.

முதல் நாள் பின்னேரம் செய்ய வேண்டியது

ரிக்கற்றை முதல் நாளே வாங்கி வையுங்கள். சதுக்கத்தின் ஓரத்தில், ஸ்தூர்சோ வீதியில் பஸ் கம்பனியின் கந்தோர் இருக்கிறது. பஸ்ஸின் பக்கத்தில் ‘AST’ (ஆஸ்த்) என்ற எழுத்து இருக்கும், கந்தோரிலும் அதே எழுத்துத்தான். ஞாயிற்றுக்கிழமை போகிறீர்கள் என்றால் காலையில் கந்தோர் திறந்திருக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். ரிக்கற் வாங்கும்போதே ‘நாளைக்கு எட்னா பஸ் எத்தனை மணிக்கு?’ என்று வாயால் கேளுங்கள். பருவத்துக்குப் பருவம் நேரம் மாறலாம், பணிநிறுத்தம் இத்தாலியில் அடிக்கடி நடக்கும் விசயம். திரும்பி வரும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து நேரே வருபவர்கள் அலிபஸ் பிடித்தால் ரயில் நிலையத்தில் இறங்கலாம்.

அடுத்தது மலையின் நிலை. கத்தானியாவில் அரசின் எரிமலை ஆய்வு நிலையம் இரவு பகலாக எட்னாவைக் கண்காணிக்கிறது. மலை சற்றுக் கோபமாக இருந்தால் எந்த உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்று மலையடி ஊர்களின் நகரசபைகள் கட்டளை போடும். உள்ளூர்ச் செய்தியில் அதைப் பாருங்கள். ‘எப்பவும் புகைகிற மலைதானே’ என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூன் 2ஆம் திகதி உச்சியிலுள்ள தென்கிழக்கு எரிமலை வாயின் ஒரு பக்கம் சரிந்து, சுடுசாம்பல் முகில் மலைச்சரிவில் உருண்டு இறங்கியது. மேலே நின்ற சுற்றுலாச் சனம் ஓடி இறங்கியதை உலகமே பார்த்தது. 2017 மார்ச்சில் லாவா என்ற எரிகுழம்பு பனியில் பட்டு வெடித்ததில், படம் பிடிக்கப் போன தொலைக்காட்சிக்காரர் உட்பட பத்துப் பேரளவில் காயப்பட்டார்கள். கட்டளைப் பலகை எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள்.

பையில் என்ன வைப்பது? ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் தண்ணீர். எட்னாவின் மேற்பாகத்தில் ஊற்றோ ஓடையோ இல்லை. மழை எவ்வளவு பெய்தாலும் சாம்பலும் துளைக்கல்லும் உடனே குடித்துவிடும், அந்தத் தண்ணீர் கீழே போய்த்தான் கத்தானியாப் பக்கத்து ஊர்களுக்குக் கிணறும் குழாயுமாக வருகிறது. மேலே விற்கும் போத்தல் தண்ணீர் விலை கூட. சாப்பாட்டுக்கு நான் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு போவேன். காய்ந்தாலும் கெடாது, கையால் தின்னலாம், குளிர் காற்றில் அந்த உறைப்பு உடம்பைச் சூடாக்கும். சமைக்க வசதியில்லாதவர்கள் ஸ்ரேசன் பக்கத்துக் கடையில் அரன்சீனோ வாங்கலாம். சோற்றை உருட்டி, நடுவில் இறைச்சியோ கத்தரிக்காயோ வைத்துப் பொரித்தது. ஒன்று தின்றால் மத்தியானம் வரை பசி தெரியாது.

உடுப்பு விசயத்தில் கத்தானியாவின் வெயிலை நம்பாதீர்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு ஏழு பாகை வெப்பம் குறையும். கீழே 32 பாகை எரிக்கும்போது 1,900 மீற்றரில் 20 பாகை அளவுதான் இருக்கும், காற்று அதையும் குறைக்கும். ஒகஸ்ட் மாதமானாலும் காற்றுத் தடுக்கும் ஜக்கெற் ஒன்று வேண்டும். சப்பாத்து மூடியதாக, அடி தடித்ததாக இருக்கட்டும். செருப்போடு வந்த பிள்ளைகளின் கால் விரல்களுக்கிடையில் கருமணல் புகுந்து அறுத்ததைப் பார்த்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடி அழகுக்கு இல்லை, காற்றில் பறக்கும் சாம்பல் கண்ணில் விழாமல் இருக்க. ஆஸ்துமா உள்ளவர்கள் பம்பை மறக்க வேண்டாம். கந்தகப் புகை காற்று மாறும்போது சாப்பியென்சாவுக்கும் இறங்கி வரும்.

மே, ஜூன், செப்ரெம்பர், ஒக்ரோபர் நல்ல மாதங்கள். மே கடைசியிலும் ஜூனிலும் ஜினெஸ்திரா என்ற புதர்ச்செடி மஞ்சளாகப் பூத்துச் சரிவெல்லாம் மணக்கும். மாரியில் மேலே பனி. அப்போது இந்தப் பயணத்தைப் பஸ்ஸோடும் கீழ்ப் பாதைகளோடும் முடித்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸுக்குள்

7.45க்கே சதுக்கத்தில் நில்லுங்கள். ஒகஸ்டில் இருக்கைகள் கெதியாக நிரம்பிவிடும். ஏறியதும் ரிக்கற்றை இயந்திரத்தில் அடியுங்கள், அடிக்காத ரிக்கற் இல்லாத ரிக்கற்றுக்குச் சமம். போகும்போது கடல் வலப்பக்கம்.

கத்தானியாவிலேயே பாடம் தொடங்குகிறது. கட்டடங்களின் கறுப்பும் தெருவுக்குப் போட்ட கல்லின் கறுப்பும் எட்னா கொடுத்தவை. 1693இல் நிலநடுக்கம் நகரத்தைத் தரைமட்டமாக்கியபோது லாவாக் கல்லைக் கொண்டுதான் திரும்பக் கட்டினார்கள். நகரம் முடிவது தெரியாமலே கிராவீனா, மஸ்கலூச்சியா என்று ஊர்கள் தொடரும். எலுமிச்சை, அத்தி, முந்திரிகைக் கொடி, அவற்றுக்கு நடுவே கருங்கல் மதில்.

700 மீற்றர் உயரத்தில் நிக்கொலோசி. பஸ் சற்று நிற்கும். ஊருக்கு மேலே இரண்டு செந்நிறக் கூம்புகள் தெரிந்தால் அவைதான் மொந்தி ரொஸ்ஸி. 1669 மார்ச் 11ஆம் திகதி அந்த இடத்தில் நிலம் பிளந்து வந்த லாவா, பெல்பாசோ, மிஸ்தெர்பியாங்கோ போன்ற ஊர்களை மூடி, ஏப்ரலில் கத்தானியாவின் மதிலைத் தொட்டு, மதிலையும் தாண்டிக் கடலுக்குள் இறங்கியது. அப்போது தியேகோ பப்பலார்தோ என்பவர் கத்தானியாவைக் காப்பாற்ற, ஈரத் தோலைப் போர்த்திய ஐம்பது பேரோடு போய், இரும்புக் கோலால் லாவாவின் ஓரத்தை உடைத்து வேறு பக்கம் திருப்பப் பார்த்தார். திரும்பினால் தங்கள் ஊருக்கு வரும் என்று பத்தெர்னோவின் சனம் ஆயுதத்தோடு வந்து தடுத்துவிட்டது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அந்த இடத்தைப் பஸ் கடக்கும்போதெல்லாம் எந்த ஊராரோடு நான் நின்றிருப்பேன் என்று யோசிப்பேன், இன்னும் பதில் இல்லை.

நிக்கொலோசி தாண்டியதும் றோட்டு வளைந்து வளைந்து ஏறும். இங்கேதான் யன்னலை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. லாவாவின் வயதைப் பச்சையை வைத்துப் படிக்கலாம். கரிக் கறுப்பாக, ஒரு புல்லும் இல்லாமல் கிடந்தால் அது அண்மையில் வந்தது. சாம்பல் நிறம் பூசியது போலத் தெரிந்தால் பாசிக்காளான் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், சில பத்தாண்டுகள் ஆகியிருக்கும். ஜினெஸ்திரா வேர் விட்டிருந்தால் இன்னும் பழையது. பைனும் கஸ்தாஞ்ஞோ (செஸ்நட்) மரமும் காடாக நின்றால் அந்த லாவா நெடுங்காலத்துக்கு முந்தையது. ஒரு வளைவில் காடு, அடுத்த வளைவில் வெறுங் கருங்குவியல், திரும்பவும் காடு. கருங்குவியலின் மேற்பரப்பு, மழைக்குப் பிறகு உழுது அப்படியே கல்லாய்ப் போன வயல் மாதிரி. யாழ்ப்பாணத்தின் தட்டையான செம்மண்ணில் வளர்ந்த கண்ணுக்கு இது முதலில் பிடிபடாது, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

1886இல் வந்த லாவா நிக்கொலோசியின் வாசலில் நின்றது. கத்தானியாவின் பேராயர் துஸ்மெத், நகரத்தின் காவற் புனிதரான ஆகத்தாவின் முக்காட்டை ஏந்திக்கொண்டு வந்த இடத்தில் நின்றது என்று ஊர்ச்சனம் இன்றும் சொல்லும். 1983இல் லாவா இந்த றோட்டையே பல இடத்தில் விழுங்கியது, வெடி வைத்து அதன் போக்கைத் திருப்பவும் பார்த்தார்கள். 2001இல் திரும்பவும் வந்து, கேபிள் காரின் தூண்களை எரித்து, சாப்பியென்சாவின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு கீழே ஓடி, நிக்கொலோசிக்குச் சில கிலோமீற்றர் மேலே ஆறி நின்றது. நீங்கள் போகும் தார் றோட்டு, அந்தக் கல்லின் மேல் திரும்பப் போட்டது.

மேலே ஆறு மணித்தியாலம்

சாப்பியென்சா 1,910 மீற்றர். வாகனத் தரிப்பிடம், தேன் விற்கும் கடை, பிஸ்தாச்சியோப் பசை விற்கும் கடை, கேபிள் கார் நிலையம். இறங்கியதும் முதல் வேலை, பஸ் திரும்ப எங்கே நிற்கும் என்று சாரதியிடம் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, கழிவறைக்குப் போங்கள். கைக்குச் சில்லறை வைத்திருப்பது நல்லது.

மூன்றாவதாக உச்சியைப் பாருங்கள், உடனே பாருங்கள். காலை தெளிவாக இருக்கும் மலை பல நாட்களில் மத்தியானத்தோடு முகிலுக்குள் போய்விடும். 3,300 மீற்றருக்கு மேலான உச்சி, வாயிலிருந்து வெண்புகை. படம் எடுப்பதானால் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் காரில் 2,500 மீற்றருக்குப் போய்வர 50 யூரோ அளவு கேட்பார்கள். அதற்கும் மேலே பெரிய சில்லு வைத்த வண்டியும் வழிகாட்டியும் என்றால் இன்னும் கூடும். உச்சி வாய்களுக்கு வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. ஒரு முறைதான் வருகிறேன், காசு இருக்கிறது, முழங்கால் சரியில்லை என்றால் கேபிள் காரில் ஏறுங்கள், அதில் தவறில்லை. இந்த எழுத்து மற்றவர்களுக்கு.

கேபிள் காருக்குக் கீழே வண்டிகள் ஏறும் அகலப் பாதையால் நடந்தும் 2,500 மீற்றர் போகலாம். அறுநூறு மீற்றர் ஏற்றம், நல்ல நடைக்கு இரண்டு மணித்தியாலம். திறந்திருந்தால் ஏறலாம்தான், ஆனால் நான் உறவினரை அந்தப் பக்கம் அனுப்புவதில்லை. ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும் சாம்பல், தலைக்கு மேலே கேபிள், பக்கத்தில் தூசி கிளப்பும் வண்டி. களைப்புக்கு ஏற்ற காட்சி அதில் இல்லை. பதிலாக நான் சொல்லும் வழி இது.

முதல் ஒரு மணித்தியாலம் சில்வெஸ்திரி வாய்களுக்கு. 1892 ஜூலையில் தொடங்கி டிசம்பர் வரை வெடித்த வெடிப்பில் பிறந்த கூம்புகள் இவை, எரிமலை ஆராய்ச்சியாளர் ஒராற்சியோ சில்வெஸ்திரியின் பெயர். கீழுள்ள வாய் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலேயே. அதன் விளிம்பைச் சுற்றி நடக்கச் சின்னப் பிள்ளைக்கும் முடியும். றோட்டைக் கடந்து மேலுள்ள வாய்க்கு ஏற இருபது நிமிசம் மூச்சு வாங்கும். கீழே விழுந்த மணல் சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருப்பது இரும்பு துருப்பிடித்ததாலும் கந்தகத்தாலும். கல்லின் அடியில் சிவப்பாய்ப் பொட்டுப் பொட்டாக ஏதும் நெளிந்தால் பயப்பட வேண்டாம், பொட்டு வண்டுகள். கோடையில் கூட்டமாக ஏறி வரும். இந்த இடத்தில் சிறு கட்டணம் கேட்டால் கொடுங்கள், அதோடு சேர்த்தாலும் செலவு கைக்குள்தான். விளிம்பில் நின்று தெற்கே பார்த்தால் கத்தானியா, துறைமுகம், கடலின் வளைவு எல்லாம் ஒரே பார்வையில்.

பிறகு ஸ்கியேனா தெல் ஆசினோ என்ற முகட்டுப் பாதை. சாப்பியென்சாவிலிருந்து சாஃபெரானா பக்கம் இறங்கும் றோட்டில் அரை மணித்தியாலம் அளவு நடந்தால் இடப்பக்கம் பாதை தொடங்கும், பெயர்ப் பலகை நிற்கும். வளைவுகளில் வாகனம் வேகமாக வரும், றோட்டின் ஓரமாய் ஒருவர் பின் ஒருவராய்ப் போங்கள். பாதை முதலில் பைன் மர நிழலுக்குள்ளால், பிறகு வெளியில். உருண்டையாய்ப் பச்சைப் புதர்கள் தெரியும், மெத்தென்று நினைத்துக் குந்திவிடாதீர்கள், அத்தனையும் முள். ஸ்பினோசாந்தோ என்பார்கள். வேரால் சாம்பலைப் பிடித்து வைப்பதே அதுதான், அது இல்லாத சரிவில் காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடும்.

ஒன்றரை மணித்தியால ஏற்றத்தில் நிலம் முடிந்துவிடும். முன்னால் வாலே தெல் போவே: மலையின் கிழக்குப் பக்கம் பழங்காலத்தில் இடிந்து விழுந்ததில் உண்டான பெரும் பள்ளம். ஐந்து கிலோமீற்றருக்கு மேல் அகலம், சில இடத்தில் ஆயிரம் மீற்றர் உயரச் சுவர். அடியில் லாவா மேல் லாவாவாகக் கறுத்துக் கிடக்கும். 1991 டிசம்பரில் தொடங்கி 473 நாட்கள் ஓடிய லாவா இதற்குள்ளால்தான் இறங்கி சாஃபெரானாவை நோக்கிப் போனது. மண் அணை கட்டினார்கள், 1992 மே மாதம் ஓட்டத்தின் கரையை வெடி வைத்து உடைத்து லாவாவை வேறு வாய்க்காலுக்குத் திருப்பினார்கள், ஊர் தப்பியது. தியேகோ பப்பலார்தோ கோலால் செய்யப் பார்த்த வேலை.

இந்த இடத்தில் ரொட்டியைப் பிரியுங்கள். விளிம்புக்குக் கிட்டப் போக வேண்டாம், மண் இளகியது. இந்த அளவு பெரிய இடத்தை உலகம் எனக்கு ஒரு சதமும் வாங்காமல் காட்டியது என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறையும். பிள்ளைகளைக் கூட்டி வந்தால் ஒரு பத்து நிமிசம் போனை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டுக் கதை சொல்லுங்கள். கல் பொறுக்க விடாதீர்கள். 1987 முதல் இது பாதுகாக்கப்பட்ட பூங்கா.

முகில் மூடினால்? திரும்புங்கள். கறுப்பு நிலத்தில் வெள்ளை முகில் இறங்கினால் பத்து மீற்றர் தெரியாது. பாதையை விட்டு விலகாமல் வந்த வழியே வரவேண்டும். குறுக்கு வழி என்று லாவாக் குவியலுக்கு மேலால் ஏறுவது கூடவே கூடாது. அந்தக் கல் தளர்ந்தது, விளிம்பு கண்ணாடி போல் வெட்டும், ஊன்றிய கையைக் கிழித்துவிடும். இடி கேட்டால் திறந்த முகட்டில் நிற்காதீர்கள்.

2.30க்காவது இறங்கத் தொடங்கினால் சாப்பியென்சாவுக்கு 4 மணிக்கு வந்துவிடலாம். திரும்பும்போது கடைசி அரை மணித்தியாலம் றோட்டில் ஏற்றம் என்பதை மறக்க வேண்டாம். ஒரு கோப்பி குடித்துவிட்டு 4.15க்கே பஸ்ஸடியில் நில்லுங்கள். அது போய்விட்டால் வேறு பஸ் இல்லை. ராக்சிக்காரர் கேட்கும் காசு, நீங்கள் மிச்சம் பிடித்த அவ்வளவையும் தின்றுவிடும்.

காலைப் பஸ் தவறினால்

அன்றைய நாள் வீண் என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். நிக்கொலோசிக்குப் பஸ்கள் இன்னும் இருக்கின்றன. அதில் போய் மொந்தி ரொஸ்ஸியில் ஏறுங்கள். 948 மீற்றர், பைன் மரக் காட்டுக்குள்ளால் பாதை, வயதானவர்களும் மெதுவாய்ப் போகலாம். 1669இன் வாயை நேரே பார்த்துவிட்டு, அது ஓடிய வழியெல்லாம் கத்தானியா வரை கண்ணால் தொடரலாம். மேலே முகில் மூடியிருக்கும் நாட்களில் சாப்பியென்சாவைவிட இதுதான் திறம்.

சாப்பியென்சாவிலிருந்து வருபவர்களைப் பஸ் ஆறு மணியளவில் கத்தானியாவில் விடும். காலில் பலம் இருந்தால் உர்சீனோக் கோட்டை வரை நடந்து பாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடெரிக் அரசர் அதைக் கடலோரப் பாறையில் கட்டினார். 1669இன் லாவா கோட்டையைச் சுற்றி வளைத்து, கடலைத் தள்ளிக்கொண்டு போனது. இப்போது கோட்டையிலிருந்து கடலுக்குப் போக வீடுகளையும் தெருக்களையும் கடக்க வேண்டும். காலையில் நிக்கொலோசியில் பார்த்த அதே லாவாதான், மற்ற நுனி.

செலவுக் கணக்கு: பஸ் 6 யூரோ 60 சதம், ஒரு கோப்பி, ஒரு அரன்சீனோ, கழிவறைச் சில்லறை. கட்டணம் எங்காவது கேட்டாலும் 20 யூரோ தாண்டாது.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தையும் காலுறையையும் குளியலறையில் கழுவ வேண்டாம். எட்னாச் சாம்பல் தண்ணீரில் கரையாது, குழாய்க்குள் படிந்து அடைத்துவிடும். பல்கனியில் தட்டி, கூட்டி, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுங்கள்.